மயக்க ஊசியில் கூரைவரை மிதந்தேன்: அன்று எனக்கு என்ன நடந்தது?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 36 வயது. சென்ற மாதம் தொடையில் வந்த சீழ்க்கட்டியை எங்கள் ஊர் மருத்துவமனையில் கீறிச் சுத்தம் செய்தார்கள். சின்ன ஆபரேஷன், பத்து நிமிடம்தான் என்று சொல்லி நரம்பில் ஓர் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் தலைக்கு மேலிருந்த பெரிய விளக்கு சுழன்று சுழன்று கோபுரமாகிவிட்டது. நான் கூரையருகே மிதந்தபடி, கீழே மேசையில் கிடந்த என்னையே பார்த்தேன். பிறகு ஒரு நீண்ட குழாய்க்குள் என்னை வேகமாக இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் முடிவில் எப்போதோ இறந்துபோன என் அப்பாயி நின்றார். கோயில் மணி விடாமல் ஒலித்தது. செத்துவிட்டேன், இனிப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அப்போது யாரோ கன்னத்தில் தட்டிப் பெயர் சொல்லிக் கத்தினார்கள். அந்த முகங்கள் உருகி வழிந்தன. நான் கத்தி அழுதேனாம், ஏதேதோ பேசினேனாம். வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள் என்கிறார் கணவர். என்ன பேசினேன் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காத்து கருப்பு அண்டியிருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்கிறார் மாமியார். அன்று என் இதயம் நின்று திரும்ப வந்ததா? எனக்கு மனநோய் வருமா? இப்போது பித்தப்பையில் கல் என்று அடுத்த மாதம் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் அந்த ஊசியா என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. மயக்கமே இல்லாமல் முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பயந்துபோயிருப்பவருக்கு முதலில் விடை வேண்டும். விளக்கம் பிறகு வரலாம். உங்கள் இதயம் நிற்கவில்லை. ஆபரேஷன் மேசையில் இதயம் நின்று திரும்பிய ஒருவரை அன்று மாலையே எந்த மருத்துவரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் வைத்திருப்பார். உங்களுக்கு மனநோயும் வரவில்லை. ஒரு மருந்து சில நிமிடங்கள் உங்கள் மூளையில் செய்த வேலையைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த மருந்துக்கு இப்படியொரு குணம் உண்டு என்பது மருத்துவர்களுக்கு அறுபது ஆண்டுகளாகத் தெரியும். உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் மிகுந்த வருத்தம் தந்தது.

மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஊசி போட்ட சற்று நேரத்தில் மிதப்பு, உடலை விட்டு விலகி நின்று பார்ப்பது, குழாய், உருகும் முகங்கள், பத்து நிமிடச் சீழ்க்கட்டி ஆபரேஷன் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது கெட்டமைன் என்றே தோன்றுகிறது. சீழ்க்கட்டி கீறுவது, விலகிய எலும்பை இழுத்துச் சேர்ப்பது, தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவது, கருப்பையைச் சுத்தம் செய்வது போன்ற குறுகிய வேலைகளுக்குச் சிறிய ஊர்களில் இன்றும் கைகொடுக்கும் மருந்து அது. எடையில் கிலோவுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் நரம்பு வழியே போனால், ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் ஆள் சுற்றியிருப்பவர்களிடமிருந்து விலகிப் போய்விடுவார். ஐந்து முதல் பத்து நிமிடம் கத்தி பட்டாலும் வலி தெரியாது. முழுத் தெளிவு வர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும்.

டிஸ்சார்ஜ் சம்மரியிலோ மயக்கக் குறிப்புத் தாளிலோ மருந்தின் பெயர் இருக்கும். கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளே சொல்கின்றன, தயங்க வேண்டியதில்லை. அந்தத் தாளில் ஊசி போட்ட நேரம், அளவு, இடைவிடாமல் பார்த்துக் குறித்த நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். இதயத்தைப் பற்றிய சந்தேகம் இன்னும் மிச்சமிருந்தால், அந்த எண்களை உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

இப்படிப் பயமுறுத்தும் மருந்தை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெரும்பாலான மயக்க மருந்துகள் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தே தாழ்த்திவிடும். கெட்டமைன் அப்படிச் செய்வது அரிது. நோயாளி தானே மூச்சு விடுவார். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறவே செய்யும். செயற்கைச் சுவாசக் கருவி கைக்கெட்டாத இடத்தில், ரத்தம் இழந்து துவண்டுபோனவருக்கு, அந்தக் குணம் உயிர் காக்கும். 1962-இல் அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியர் கால்வின் ஸ்டீவன்ஸ் இதை உருவாக்கினார். 1964-இல் மிச்சிகன் மாநிலச் சிறையில் இருந்தவர்கள்மீதுதான் முதன்முதலில் சோதித்தார்கள். கைதிகள்மீது மருந்து சோதிப்பது அன்று அங்கே வழக்கமாக இருந்தது, இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை எளிதில் ஏற்காது. அந்த முதல் மனிதர்களில் சிலரே, விண்வெளியில் மிதப்பதுபோல் இருந்தது, கை கால் இருப்பதே தெரியவில்லை என்றெல்லாம் சொன்னார்கள். மருந்துக்கு 1970-இல் அனுமதி கிடைத்தது. வியட்நாம் போர்க்களத்தில் காயம்பட்ட வீரர்களுக்குப் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் 1985 முதல் இருக்கிறது.

2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தில் சிக்கிய 12 சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் உலகமே பார்த்துக்கொண்டிருந்ததே, நினைவிருக்கிறதா? ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் அந்தச் சிறுவர்களுக்குப் போட்டது இதே கெட்டமைன்தான். இடுக்கான நீர்வழிகளில் முழித்துக்கொண்டு பதறினால் சிறுவனும் சாவான், அவனை இழுத்துவரும் முக்குளிப்பவரும் சாவார். அதனால் முதலில் பதற்றம் தணிக்க மாத்திரை, பிறகு காலில் கெட்டமைன் ஊசி, வழியில் மயக்கம் தெளியத் தொடங்கினால் முக்குளிப்பவர்களே மறுபடி ஒரு ஊசி. அனைவரும் உயிரோடு வந்தார்கள். உங்கள் தொடைக்கட்டிக்குப் போட்ட மருந்தை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். அது கெட்ட மருந்து அல்ல. சொல்லாமல் போடக்கூடாத மருந்து.

சரி, அந்த மிதப்பும் கோபுரமும் எங்கிருந்து வந்தன? மற்ற மயக்க மருந்துகள் மூளையை மொத்தமாக அடக்கி உறங்க வைக்கின்றன. கெட்டமைன் அப்படிச் செய்வதில்லை. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் வாயில்களில் ஒரு வகையை அது அடைத்துவிடுகிறது. தொடையில் வெட்டுவது, முதுகுக்குக் கீழே மேசை அழுத்துவது, கை எங்கே கிடக்கிறது என்ற செய்தி, எதுவும் ஒழுங்காக மேலே போய்ச் சேர்வதில்லை. ஆனால் மூளையின் மேற்பகுதியோ உறங்காமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அரைகுறையாக வரும் துணுக்குகளை வைத்துக்கொண்டு தன் பழைய இருப்பிலிருந்து மீதியை அதுவே நிரப்பிக்கொள்கிறது. இருட்டில் கொடியில் தொங்கும் சட்டை ஆள் நிற்பதாகத் தெரிவதில்லையா, அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் துணுக்குகளை உங்கள் கடிதத்திலேயே பார்க்க முடிகிறது. கெட்டமைன் போட்டவருக்குக் கண் மூடாது. பாதி திறந்தபடி, விழிகள் மெல்லப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே தியேட்டர் விளக்கின் வெளிச்சம் உங்கள் கண்ணுக்குள் உண்மையாகவே போனது. விழி ஆடியதால் விளக்கு சுழன்றது. வட்டம் வட்டமாக அடுக்கிய அந்த விளக்குகளை உங்கள் மனம் கோபுரமாக்கிக்கொண்டது. உருகிய முகங்களும் அப்படித்தான்: முகமூடியும் தொப்பியும் போட்டுக் குனிந்தவர்களை, ஆடும் விழி வழியே பார்த்திருக்கிறீர்கள்.

விடாமல் ஒலித்த கோயில் மணி என்ன என்று யோசித்தேன். ஆபரேஷன் தொடங்குமுன் உங்கள் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் கருவி அது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒருமுறை அது ஒலி எழுப்பும். மயக்க மருத்துவர்களாகிய நாங்கள் திரையைப் பார்க்காத நேரத்திலும் அந்த ஒலியைக் காதில் வாங்கிக்கொண்டேதான் வேலை செய்வோம். ஆக்சிஜன் குறைந்தால் ஒலியின் சுருதி இறங்கும். துடிப்பு தடுமாறினால் தாளம் தடுமாறும். நீங்கள் கேட்ட மணி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால், செத்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்த அந்த நேரம் முழுவதும் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது உங்கள் சொந்த இதயத்துடிப்பை.

உடலை விட்டு வெளியே வந்து தன்னையே பார்ப்பது பலரையும் உலுக்கிவிடும் அனுபவம். மூளையில் காதுக்குச் சற்று மேலே, பின்புறமாக ஒரு பகுதி, நாம் எங்கே இருக்கிறோம், நம் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்திகளை ஒன்றாகக் கோக்கிறது. 2002-இல் ஜெனீவாவில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மூளையில் அந்தப் பகுதியை மின்சாரத்தால் லேசாகத் தூண்டினார்கள். கட்டிலில் கிடக்கும் தன் உடலை மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். அதே இடத்தை மறுபடி தூண்டியபோது மறுபடி அதுவே நடந்தது. கெட்டமைன் அந்தக் கோவையைத் தற்காலிகமாகக் கலைக்கிறது. மரணத்தின் விளிம்புவரை போய்வந்ததாகச் சொல்பவர்களின் கதைகளையும், பல்வேறு மருந்துகளை உட்கொண்டவர்களின் அனுபவக் குறிப்புகளையும் ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த மரண அனுபவங்களுக்கு மிக நெருக்கமாக வந்தது கெட்டமைன் தந்த அனுபவம். குழாயும், இறந்த உறவினரும், செத்துவிட்டோம் என்ற நினைப்பும் உங்களுக்கு மட்டும் வந்தவை அல்ல. உங்கள் அப்பாயி வந்தது ஏன் என்று கேட்டால், உங்கள் நெஞ்சில் அவருக்கு இடம் இருக்கிறது என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. மருந்து கதவைத் திறக்கிறது. உள்ளே நடமாடுபவர்கள் நம்முடையவர்கள்தான்.

மயக்கமும் மாயக்காட்சியும் சேர்ந்து வருவது புதிதும் அல்ல. ஜப்பானிய மருத்துவர் ஹனாவொகா சேய்ஷூ 1804-இல் மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றியபோது கொடுத்த மயக்கக் கஷாயத்தில் முக்கியச் சரக்கு ஊமத்தை. ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்றவர் இல்லாதவர்களோடு பேசுவதும் காற்றில் எதையோ பிடிப்பதும் நம் ஊர்களில் பழைய தலைமுறைக்குத் தெரிந்த சங்கதி. இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி 1799-இல் சிரிப்பூட்டும் வாயுவைத் தானே முகர்ந்து பார்த்துப் பரவசக் காட்சிகளைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். நரம்பு மண்டலத்தில் கைவைக்கும் எந்த மருந்தும் இந்த எல்லைக்கு அருகில்தான் நடமாடுகிறது.

கெட்டமைன் தெளியும்போது இப்படிக் கனவோ, பிரமையோ, குழப்பமோ வருவது அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு. 15 வயதுக்கு உட்பட்டவர்களிடமும் 65-க்கு மேற்பட்டவர்களிடமும் குறைவு. வேகமாகச் செலுத்தினாலும் அளவு கூடினாலும் அதிகம். பயந்த மனத்தோடு போகிறவருக்குப் பயங்கரக் காட்சியும், நிம்மதியாகப் போகிறவருக்கு இதமான காட்சியும் வருவதை என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். மிடாசோலம் என்ற மருந்தை முன்கூட்டியே சிறு அளவில் கொடுத்தால் இந்தத் தொல்லை நன்றாகவே குறையும். ஆகவே உங்களுக்கு நடந்தது விதி அல்ல. பெருமளவு தவிர்த்திருக்கக்கூடியது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தெளிந்துகொண்டிருக்கும் நோயாளியின் கன்னத்தில் தட்டி, "கண்ணைத் திற, நாக்கை நீட்டு" என்று கத்துவது நம் மருத்துவமனைகளில் ஊறிப்போன பழக்கம். விழித்துவிட்டாரா, மூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்தான். அதற்குக் கத்த வேண்டியதில்லை. கெட்டமைன் பெற்றவரை எப்படி எழுப்ப வேண்டும் என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது: பேச்சு, தொடுதல், காட்சி எல்லாவற்றையும் முடிந்தவரை குறைத்துவிட வேண்டும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மட்டும் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அது இப்படி இருக்கும். விளக்கைத் தாழ்த்துவோம். ஸ்டிரெச்சரை உலுக்காமல் தள்ளுவோம். ஒருவர் மட்டும் பக்கத்தில் நிற்பார். வாயில் ஊறும் எச்சில் தொண்டைக்குள் போகாதபடி தலையை ஒருபக்கமாகச் சாய்த்து வைப்போம். நோயாளி கையைக் காற்றில் துழாவினால் பிடித்து அழுத்தாமல், "ஆபரேஷன் முடிந்துவிட்டது அம்மா, மருந்தின் மயக்கம், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுவோம். பதில் வராது. இரண்டு நிமிடம் கழித்து அதையே மறுபடி சொல்லுவோம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு ரூபாய் செலவும் இல்லை.

ஆபரேஷன் நடக்கும்போதே விழித்துவிட்டேனோ என்ற சந்தேகமும் உங்கள் கடிதத்தில் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. இல்லை. முழு மயக்கத்தில் இருக்க வேண்டியவர் இடையில் நினைவு திரும்பிக் கிடப்பது வேறு விஷயம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2014-இல் வந்தது. அப்படி நேர்ந்ததாக நோயாளிகள் தெரிவித்தது ஏறக்குறைய 19,000 பேருக்கு ஒருவர். நீங்கள் கத்தியையோ தையலையோ உணரவில்லை, மருத்துவர்கள் பேசியதையும் கேட்கவில்லை. நீங்கள் கண்டது கனவின் குடும்பத்தைச் சேர்ந்தது.

மயக்கத்தில் என்ன பேசினேன் என்பது உங்களை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. பெண்கள் பலரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எந்த ரகசியத்தைக் கொட்டினேனோ, யார் பெயரைச் சொன்னேனோ என்ற பயம். தெளியும் நேரத்தில் வருவது பெரும்பாலும் கோவையில்லாத சொற்கள்: பிள்ளையின் பெயர், "விடு விடு", "வீட்டுக்குப் போக வேண்டும்", இறந்தவரைக் கூப்பிடுவது, அழுகை. நடந்ததை நடந்தபடி ஒப்பிக்கும் நிலை அதில் கிடையாது. காய்ச்சலில் பிதற்றியதற்கு யாரும் பொறுப்பில்லை என்று ஏற்றுக்கொள்கிறோம். இதற்கும் அதே நியாயம்தான். உங்கள் கணவர் இதைப் படித்தால் அவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மறைக்க மறைக்க உங்கள் மனைவியின் கற்பனைதான் வளரும். என்ன கேட்டீர்களோ, அதை அப்படியே ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். சிரித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மனநோய் பற்றி. கெட்டமைனின் பிரமை பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு அடுத்த சில இரவுகள் கெட்ட கனவு வரலாம். இதே குடும்பத்து மருந்தான எஸ்கெட்டமைனை, வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்தாக 2019-இல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். அங்கேயும் தெளித்த பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்காரவைத்துக் கவனித்துத்தான் அனுப்புகிறார்கள். ஒருமுறை போட்ட மருந்து ஒருவரைப் பைத்தியமாக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். முன்பே மனச்சிதைவு நோய் இருந்தவர்களுக்கு இதைத் தவிர்க்கிறோம். உங்களுக்கு அப்படி ஏதும் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது, இன்னும் கை நடுங்குகிறது என்கிறீர்கள். அந்த நடுக்கம் மருந்து தந்தது அல்ல, அந்தப் பத்து நிமிடப் பயம் விட்டுப்போன வடு. தூக்கம் கெட்டாலோ, பகலிலும் அந்தக் காட்சி வந்து மிரட்டினாலோ, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு வீட்டிலிருந்தே இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்ற பெண்களுக்காக. மிடாசோலம், புரோபோஃபால் போன்ற மருந்துகளின் மயக்கத்தில், யாரோ தகாத முறையில் தொட்டதாகப் பிரமை வருவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதைச் சாக்காக வைத்து ஒரு பெண்ணின் புகாரைக் கனவு என்று தள்ளிவிடும் உரிமை யாருக்கும் கிடையாது. மயக்கத்தில் இருப்பவருக்குத் தீங்கு செய்தவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். பெண் நோயாளி மயக்கத்தில் இருக்கும்வரை ஒரு பெண் ஊழியர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும், மருத்துவமனை விசாரிக்க வேண்டும். நோயாளிக்கும் மருத்துவருக்கும் அதுவே பாதுகாப்பு.

இனிப் பித்தப்பை. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பவைத்து, சிறு துளைகள் வழியே வேலை செய்வார்கள். அந்த வாயு மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளும். விழித்திருப்பவருக்கு மூச்சு முட்டும், தோள்பட்டையில் வலி குத்தும். முதுகில் ஊசி போட்டுச் செய்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான இடங்களில் முழு மயக்கமே வழக்கம். உங்களைப் போலப் பயந்திருப்பவருக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து. முதுகு ஊசியிலும் விசித்திரம் உண்டு: மேசையில் நீட்டிக் கிடக்கும் கால் மேலே தூக்கியபடி நிற்பதாகச் சிலருக்குத் தோன்றும். கால் எங்கே என்ற செய்தி நின்றுபோனதும், மூளை கடைசியாகத் தனக்குத் தெரிந்த நிலையையே பிடித்துக்கொள்கிறது.

முழு மயக்கத்துக்கு இப்போது அநேகமாகப் புரோபோஃபால் என்ற பால்போல் வெளுத்த மருந்தைத்தான் போடுகிறார்கள். போகும்போது கையில் சற்று எரியும், அரை நிமிடத்தில் கண் சொருகிவிடும். பிறகு தொண்டையில் குழாய் வைத்து, மயக்க வாயு கொடுத்து, ஆபரேஷன் முடியும்வரை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருப்பார்கள். இதிலும் கனவு வருவதுண்டு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கேட் லெஸ்லி என்ற மயக்க மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 300 நோயாளிகளிடம், விழித்தவுடனே கேட்டுப் பதிவு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். 22 சதவீதம் பேர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இளையவர்கள், வீட்டிலும் கனவை நினைவில் வைத்திருக்கும் பழக்கமுள்ளவர்கள், சீக்கிரம் தெளிந்தவர்கள் அவர்களில் அதிகம். கனவுகள் பெரும்பாலும் குட்டிக் குட்டியான, இனிய, அன்றாட வாழ்க்கைக் கனவுகள். ஆபரேஷனோடு தொடர்பு இல்லாதவை. "நல்ல தூக்கம் டாக்டர், அதற்குள் ஏன் எழுப்பினீர்கள்?" என்று கேட்கும் நோயாளிகள் எனக்கு அன்றாடம் கிடைக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருத்துவர் உங்களைப் பார்க்க வருவார், அல்லது நீங்கள் அவரிடம் போக வேண்டியிருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, "போன முறை கெட்டமைன் போட்டபோது மிகவும் பயந்துவிட்டேன், பயங்கரமான காட்சிகள் வந்தன, இந்த முறை அதைத் தவிர்க்க முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். பித்தப்பை ஆபரேஷனுக்குக் கெட்டமைன் அவசியமில்லை. வலி குறைக்கச் சிலர் மிகச் சிறிய அளவில் சேர்ப்பதுண்டு. நீங்கள் சொல்லிவைத்தால் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார்கள். தியேட்டருக்குள் போகுமுன் பதற்றம் தணிக்க ஏதாவது தர முடியுமா என்றும், விழிக்கும்போது பெயர் சொல்லி மெதுவாக எழுப்பச் சொல்லுங்கள் என்றும் கேட்கலாம். இதையெல்லாம் நோயாளி சொல்லக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. கேட்டதற்கு எரிந்து விழும் மருத்துவராக இருந்தால், வேறு மருத்துவரைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. தெளிந்த பின் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டாதீர்கள், பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாமியாரைப் பற்றி. அவர் பயந்தும் பாசத்தாலும்தான் சொல்கிறார். அவரோடு சண்டை வேண்டாம். கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தால் உங்கள் மனம் ஆறும் என்றால் போய்வாருங்கள். ஆனால் குடிக்கக் கொடுக்கும் கஷாயம், புகை, வேர், மருந்துருண்டை எதையும் ஆபரேஷன் முடியும்வரை வாயில் வைக்காதீர்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதையும் மயக்க மருந்து வேலை செய்வதையும் மாற்றிவிடும். மந்திரித்து முடியட்டும் என்று ஆபரேஷன் தேதியைத் தள்ளவும் வேண்டாம். பித்தப்பைக் கல் குழாயில் போய் அடைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். அப்போது அவசரமாக, பயத்தைப் பற்றிப் பேச நேரமே இல்லாமல், உங்களைத் தியேட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். இந்த வாரமே மயக்க மருத்துவரைப் பார்க்க நேரம் கேளுங்கள். போகும்போது கணவரையும் மாமியாரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.